ஏலக்காய்ச் சல்லடையும் ஓணம் பம்பரும்

நிகழ்தகவுன்னு சொன்னதும் உங்கள்ல பாதிப்பேர் எஸ்கேப் ஆகப் போறீங்கன்னு தெரியும். கொஞ்சம் பொறுங்க மக்களே. இதுல ஏலக்காய் இருக்கு, லாட்டரி இருக்கு, என் அத்தை இருக்காங்க, ஐம்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கலாமா வேண்டாமாங்கிற பஞ்சாயத்து ஒண்ணும் இருக்கு. கணக்கு நடுவுல ஊறுகாய் மாதிரி மட்டும்தான் வரும். :-)

பத்தாம் வகுப்புப் புத்தகத்துல "ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்"னு ஒரு சங்கதி வரும். காலேஜுக்குப் போனா அதுக்கே மியூச்சுவலி எக்ஸ்க்ளூசிவ்னு பேரு. ரெண்டு நிகழ்ச்சி ஒரே நேரத்துல நடக்கவே முடியாதுன்னா அதுதான் இது. பகடையை உருட்டி 2 விழுந்தா, அதே உருட்டுல 5 விழாது. அவ்ளோதான் மேட்டர். எல்லாரும் ரெண்டு மார்க் வாங்கிட்டு மறந்துடுவோம்.

எங்க போடிநாயக்கனூர்ல பகடை உருட்டுறவங்களைப் பார்க்கிறது கஷ்டம். ஏலக்காய்தான் உருளும். அதனால சல்லடையிலேருந்து ஆரம்பிக்கிறேன்.

மலையில பறிச்ச பச்சைக் காய் அஞ்சு கிலோவைக் காய வச்சா ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த காய் நிக்கும். அதைச் சல்லடையில போட்டு ரகம் பிரிப்பாங்க. எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில விழாம மேலேயே நிக்கிறது ஒரு ரகம். எட்டுல விழுந்து ஏழுல நிக்கிறது அடுத்த ரகம். அதுக்கும் கீழே போறது இன்னொண்ணு. ஒரு காய் ஒரே நேரத்துல எட்டுலயும் நின்னு, எட்டுல விழுந்து ஏழுலயும் நிக்க முடியாது. ஒரு ரகத்துக்குப் போயிட்டா மத்த ரகம் அதுக்குக் கிடையாது. இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்துலயும் நான் பார்த்ததில்லை.

ஆயிரம் காயை எண்ணிப் பார்த்தோம்னு வச்சுக்குவோம். எட்டுக்கு மேல 300, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல 400, மிச்சம் 300. கண்ணை மூடிட்டு ஒரு காயை எடுத்தா, அது ஏழுக்கு மேல இருக்கிற காயா இருக்க வாய்ப்பு எவ்வளவு? 300ஐயும் 400ஐயும் கூட்டுங்க. ஆயிரத்துக்கு 700. பளிச்சுன்னு வந்துடுச்சு.

இப்ப அதே ஆயிரம் காயில வெடிச்ச காய் 150 இருக்குன்னு வைங்க. எட்டு மில்லி காயோ, இல்லை வெடிச்ச காயோ, ரெண்டுல ஒண்ணு கையில வர வாய்ப்பு எவ்வளவு? 300 கூட்டல் 150, ஆக 450ன்னு சொன்னா தப்பு. எட்டு மில்லிக் காயே வெடிச்சும் இருக்கலாமே. அப்படி 40 காய் இருந்தா அதை ரெண்டு பக்கமும் எண்ணிட்டோம். ஒரு தடவை கழிக்கணும். விடை 410.

சைஸும் சைஸும் ஒன்றையொன்று விலக்கும். சைஸும் வெடிப்பும் விலக்காது. கூட்டுறதுக்கு முன்னாடி "ரெண்டும் சேர்ந்து வருமா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுக்கணும். சேர்ந்து வராதுன்னா தைரியமா கூட்டலாம். வரும்னா, சேர்ந்து வர்றதை ஒரு தடவை கழிக்கணும். 1933ல ரஷ்யக் கணித மேதை கொல்மகோரோவ் நிகழ்தகவு முழுக்கவும் சில அடிப்படை விதிகள் மேல நிக்க வச்சார். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளோட வாய்ப்பைக் கூட்டலாம்ங்கிறது அதுல ஒரு விதி. அவர் அடிப்படைன்னு வச்சதைத்தான் எங்க ஊர்ல சல்லடை தினமும் செஞ்சுக்கிட்டிருக்கு.

நம்மளை மாதிரி பொட்டி தட்றவங்களுக்கு இன்னும் சுலபம். இஃப், எல்ஸ் இஃப்னு வரிசையா எழுதினா ஏதோ ஒரு கிளைதான் ஓடும். அதையே தனித்தனி இஃப்பா எழுதினா ரெண்டு கிளையும் ஓடலாம். முதல் வகை சல்லடை. ரெண்டாவது வெடிப்பு.

*

இனிமேதான் ஆட்டம். ஒன்றையொன்று விலக்கும்ங்கிறதையும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லைங்கிறதையும் பலபேர் ஒண்ணுன்னு நினைப்பாங்க. ரெண்டாவதுக்குச் சார்பற்ற நிகழ்ச்சிகள்னு பேரு, இங்கிலீஷ்ல இண்டிபெண்டெண்ட். ரெண்டும் கிட்டத்தட்ட நேர் எதிர்.

எங்க பக்கம் விசேஷ வீட்டுக் கணக்கு ஒண்ணு உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க ரெண்டு பேர். ஒருத்தர் வர்ற கல்யாணத்துக்கு இன்னொருத்தர் வர மாட்டார். மண்டப வாசல்ல பெரியவரைப் பார்த்துட்டீங்கன்னா சின்னவர் உள்ளே இல்லைன்னு அடிச்சுச் சொல்லலாம். அவ்ளோ நெருக்கமான சம்பந்தம்! ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சா அடுத்தவரைப் பத்தி முழுசாத் தெரிஞ்சிடுது. இதுதான் ஒன்றையொன்று விலக்குறது.

சார்பற்றதுன்னா மாப்பிள்ளை வீட்டு வழியில ஒருத்தர், பொண்ணு வீட்டு வழியில ஒருத்தர், ரெண்டு பேருக்கும் முன்னபின்ன அறிமுகமே கிடையாது. ஒருத்தர் வந்தா அடுத்தவர் வருவாரா மாட்டாரான்னு உங்களால ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் வரலாம், ஒருத்தர் வரலாம், யாருமே வராமலும் போகலாம்.

பகை ஒரு உறவு. அறிமுகம் இல்லாததுதான் உறவே இல்லாதது. இதை மனசுல வச்சுக்கோங்க, அத்தை கதைக்கு வேணும்.

சேர்ந்து வராதுன்னு நாம நினைக்கிறது பலதும் நெசத்துல சேர்ந்தே வரும். ஜூன், ஜூலையில போடி பஸ் ஸ்டாண்ட்ல மண்டை காயும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டுக்குப் போனா தென்மேற்குப் பருவமழையில துணி காயாது. "மழைக்காலமா, வெயில் காலமா?"ன்னு ஒத்தை வார்த்தையில பதில் கேட்டா எங்க ஊர்க்காரன் முழிப்பான். வெள்ளாமை போறதும் விலை ஏறுறதும் இதே கதைதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடுக்கித் தோட்டங்கள் அடி வாங்குச்சு. அடுத்த வருஷம் கோடை மழையும் ஏமாத்துச்சு. 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி புற்றடி ஏலத்துல அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாய்க்குப் போச்சு. செடி காப்பாத்தினவங்களுக்கு யோகம், பறிகொடுத்தவங்களுக்கு அந்த விலையைப் பேப்பர்ல படிக்கிற யோகம் மட்டும். நல்ல காலமும் கெட்ட காலமும் ஒரே மலையில, ஒரே மாசத்துல. ரெண்டு வருஷம் கழிச்சு விலை ஆயிரத்துக்குக் கீழே போனது தனிச் சோகம்.

*

சரி, அத்தைக்கு வருவோம்.

அத்தை இருபது வருஷமா மலைக்கு வேலைக்குப் போறாங்க. விடிகாலையில ஜீப் ஏறி, கேரளா பக்கம் இருக்கிற தோட்டத்துல காய் எடுத்துட்டு, இருட்டுற நேரத்துல இறங்குவாங்க. போடி, தேவாரம், கம்பம்னு அடிவாரத்து ஊர்கள்லேருந்து தினமும் இப்படிப் போற சனம் ஏராளம். மலை ஏறினா கேரளா. கேரளான்னா லாட்டரி.

தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிக்குத் தடை வந்துடுச்சு. கேரளாவுல 1967ல அரசாங்கமே லாட்டரித் துறை ஆரம்பிச்சு, 1968 ஜனவரி 26ல முதல் குலுக்கல் நடத்தி, இன்னிக்கு வரைக்கும் ஓடுது. தினமும் மதியம் மூணு மணிக்குக் குலுக்கல். அத்தை கோஷ்டி வாரத்துல ரெண்டு மூணு நாள் டிக்கெட் எடுக்கும். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காய் எடுத்துக் குனிஞ்ச முதுகு நிமிரும்போது பேச ஒரு விஷயம் வேணும்ல.

2023ல வந்துது வினை. அந்த வருஷ ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி. அது தமிழ்நாட்டுக்காரங்க நாலு பேர் கூட்டா எடுத்த டிக்கெட்டுக்கு விழுந்துச்சு. அடிவாரம் முழுக்க இதே பேச்சு. "நாலு பேரு சேர்ந்தாங்க, விழுந்துச்சு பாத்தியா?" அடுத்த வருஷம், 2024 ஆகஸ்ட்ல பம்பர் டிக்கெட் விற்பனைக்கு வந்ததும் ஜீப்புல ஒரு திட்டம் உருவாகிடுச்சு. பத்து பேர் சேர்ந்து, மகளிர் குழு மூலமா 50,000 ரூபாய் கடன் எடுத்து, 500 ரூபாய் டிக்கெட் நூறு வாங்குறது. வட்டியோட வாராவாரம் கட்டிடலாம். எப்படியும் ஏதாவது விழும்.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அத்தை வீட்டுத் திண்ணையில மூணு பேர் உக்காந்திருந்தாங்க. 

"வாங்க மருமகனே. நீங்கதான் கணக்குப் படிச்சவரு. இதைச் சொல்லுங்க. நூறு டிக்கெட் எடுத்தா நூறு மடங்கு அதிர்ஷ்டந்தான?"

"ஆமா அத்தை. நூறு மடங்குதான்."

பக்கத்துல இருந்த அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா மதினி, நாஞ் சொல்லல?"

நான் பொய் சொல்லலைங்க. முதல் பரிசு ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான். உங்க முதல் டிக்கெட்டுக்கு விழுந்தா ரெண்டாவதுக்கு விழாது. நூறும் நூறு பங்காளிங்க. அதனால வாய்ப்பைத் தாராளமா கூட்டலாம். கூட்டல் சரி. கூட்டி வர்றது எவ்வளவுங்கிறதுதான் கேள்வி.

2023ல விற்ற ஓணம் பம்பர் டிக்கெட் சுமார் 75 லட்சம். அப்ப ஒரு டிக்கெட்டுக்கு 75 லட்சத்துல ஒண்ணு. நூறு டிக்கெட்டுக்கு 75,000ல ஒண்ணு. லட்சம், ஆயிரம்னு சொன்னா யாருக்கும் உறைக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்குல போடி நகராட்சியில இருக்கிறவங்க சுமார் 75 ஆயிரம் பேர். அதைச் சொன்னேன். 

"அத்தை, போடியில இருக்கிற ஒவ்வொரு ஆளு பேரையும் துண்டுச் சீட்டுல எழுதி ஒரு அண்டாவுல போடுறாங்க. கைக்குழந்தை, கெழவன் கெழவி எல்லாரு பேரும். ஒரே ஒரு சீட்டு எடுப்பாங்க. உங்க பேரு வந்தா 25 கோடி. வராட்டி ஐம்பதாயிரம் கடன். எடுக்கலாமா?"

அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. ஒரு தெருவுல எத்தனை வீடு, ஒரு வார்டுல எத்தனை தெருன்னு மனசுக்குள்ள நடந்து பார்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

"பத்து பேருல ஒருத்திக்கு விழுந்தாலும் பத்து பேருக்கும் தானே?"ன்னு அந்த அக்கா கேட்டாங்க. அதுவும் நியாயமான கேள்வி. கூட்டுச் சேர்ந்தா விழுற வாய்ப்பு பத்து மடங்கு ஆகும், கைக்கு வர்ற காசு பத்துல ஒரு பங்கு ஆகும். பெருக்கிப் பார்த்தா தனியா எடுத்ததும் கூட்டா எடுத்ததும் சராசரியில ஒண்ணுதான். கூட்டு சேர்றதுல தப்பில்லை, ஆனா அதுல மந்திரமும் இல்லை. அந்த நாலு பேருக்கு விழுந்ததைப் பேப்பர்ல போட்டாங்க. விழாத லட்சக்கணக்கான பேருக்குப் பேப்பர்ல இடம் பத்தாது.

"முதல் பரிசு வேணாம், சின்னதா ஏதாவது விழாதா?" விழலாம். சின்னப் பரிசுகள் கடைசி நாலு எண்ணை வச்சு விழும், அதுவும் ஒரே பரிசுக்குப் பல எண்களைக் குலுக்குவாங்க. இங்க பங்காளிப் பகை கிடையாது. உங்க டிக்கெட் ரெண்டுக்குமே விழலாம், மூணுக்கும் விழலாம், ஒண்ணுக்குமே விழாம போகலாம். அதனால கண்ணை மூடிக் கூட்ட முடியாது. ஆனா டிக்கெட் வித்த காசுலேருந்துதான் பரிசு, ஏஜெண்ட் கமிஷன், வரி, அரசாங்கத்து லாபம் எல்லாமே போகணும். வாங்கின எல்லாருக்கும் சேர்த்துத் திரும்பி வர்றது கட்டினதைவிடக் குறைவாத்தான் இருக்கும். அது தர்மத்துக்கு நடத்துற அன்னதானம் இல்லை.

*

இந்த இடத்துல அத்தை கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி. என்னோட இன்ஜினியரிங் படிச்ச பயலுகள்ல எத்தனை பேருக்கு உடனே பதில் வரும்னு தெரியலை.

"அப்ப செட்டா எடுக்குறது நல்லதா, தனித்தனியா எடுக்குறது நல்லதா?"

செட்டுன்னா, கடைசி நாலு எண் ஒண்ணா இருக்கிற மாதிரி வேற வேற சீரிஸ் டிக்கெட்டைச் சேர்த்துக் கடைக்காரங்க விக்கிறது. பன்னெண்டு டிக்கெட் செட்டுன்னு வைங்க. எண் விழுந்தா பன்னெண்டுக்கும் விழும். விழாட்டி பன்னெண்டும் குப்பை. இந்தப் பன்னெண்டு டிக்கெட்டும் பங்காளிங்க இல்லை, ஒட்டிப் பிறந்த பன்னெண்டு பேர். ஒருத்தன் வந்தா எல்லாரும் வருவான். ஒரே ஒரு எண்ணைக் குலுக்கினா வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணு, கிடைக்கிறது பன்னெண்டு பரிசு.

பன்னெண்டையும் வேற வேற எண்ணா எடுத்தா ஒவ்வொண்ணும் அடுத்ததை விலக்கும். வாய்ப்பு பத்தாயிரத்துல பன்னெண்டு, கிடைக்கிறது ஒரே பரிசு.

பெருக்கிப் பாருங்க. ரெண்டும் சராசரியில ஒண்ணே. அடிக்கடி கொஞ்சமா வேணுமா, எப்பவோ ஒரு தடவை மொத்தமா வேணுமாங்கிறது மட்டும்தான் வித்தியாசம். "ரெண்டுலயும் கடைக்காரனுக்கு லாபம் ஒண்ணுதான்"னு அத்தை சொன்னாங்க. என் விளக்கத்தைவிட அது சின்னதா, சரியா இருந்துச்சு.

மூணாவதா ஒரு வழி இருக்கு, அதுலதான் பெரிய பள்ளம். ஒரே எண்ணைத் தினமும் பிடிச்சுக்கிட்டே இருக்கிறது. அத்தை தெருவுல ஒரு பையன் மூணு நம்பர் லாட்டரியில விழுந்து கிடந்தான். கேரளா ரிசல்ட்டோட கடைசி மூணு எண்ணை வச்சு இந்தப் பக்கம் கள்ளத்தனமா நடக்கிற சூதாட்டம் அது. அவனோட லாஜிக் இது: "000லேருந்து 999 வரைக்கும் ஆயிரம் நம்பர்தான் இருக்கு. ஒரே நம்பரை ஆயிரம் நாள் கட்டினா ஒரு நாளாவது விழுந்துதான ஆகணும்?"

கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு! ஆயிரத்துல ஒண்ணு, ஆயிரம் தடவை, கூட்டினா ஒண்ணு. கணக்குல ஒண்ணுன்னா நிச்சயம்.

ஒரே நாள்ல ஆயிரம் வேற வேற நம்பரையும் கட்டினா அவன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. ஆயிரமும் ஒன்றையொன்று விலக்கும், வெளியில வேற நம்பரே இல்லை. கூட்டினா ஒண்ணு வரும், நிச்சயமா விழும். ஆனா ஆயிரம் நாளுங்கிறது பங்காளிங்க இல்லை. நேத்து விழுந்ததும் இன்னிக்கு விழப் போறதும் முன்னபின்ன தெரியாத ரெண்டு பேர். அறிமுகம் இல்லாதவங்களைப் பங்காளின்னு நினைச்சு அவன் கூட்டுறான்.

திண்ணையில ஒரு ரூபாய்க் காசை எடுத்தேன். "அத்தை, தலை விழ பாதி வாய்ப்பு. ரெண்டு தடவை சுண்டினா பாதியும் பாதியும் ஒண்ணு. அப்பக் கண்டிப்பா ஒரு தலை விழணும்ல?"

"அதெப்பிடி? ரெண்டும் பூவாவே விழுமே."

அவ்ளோதாங்க. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. நாலுல மூணுல தலை இருக்கு. முக்கால்தான், முழுசு இல்லை. தலை-தலையை ரெண்டு தடவை எண்ணினதாலதான் கூட்டல் ஏமாத்துச்சு. வெடிச்ச எட்டு மில்லிக் காய் மாதிரியே.

ஆயிரம் நாளுக்குக் கணக்கு இப்படி. ஒரு நாள் விழாம போற வாய்ப்பு 0.999. அதை ஆயிரம் தடவை பெருக்கினா 0.368 கிட்ட வரும். அதாவது ஆயிரம் நாளும், ரெண்டே முக்கால் வருஷம், விடாம கட்டியும் ஒரு தடவைகூட விழாம போறவங்க நூத்துக்கு 37 பேர். அவங்க யாரும் எந்தத் தப்பும் பண்ணலை, நாள் தவறலை, நம்பரை மாத்தலை. ஆயிரத்து ஒண்ணாவது நாள் காலையில அவங்க வாய்ப்பு என்ன? அதே ஆயிரத்துல ஒண்ணு. காசுக்கு ஞாபகசக்தி கிடையாது.

இத்தாலியில இதே நம்பிக்கையில ஒரு நாடே மாட்டிக்கிச்சு. வெனிஸ் லாட்டரியில 53ங்கிற எண் 2003 மே மாசத்துக்கப்புறம் வரவே இல்லை. "இவ்ளோ நாள் வரலை, இனி வந்துதான் ஆகணும்"னு சனம் வீட்டை வித்துக் கட்டுச்சு. 2005 பிப்ரவரி 9ல அது வந்தப்ப தற்கொலைகளும் திவாலான குடும்பங்களும் கணக்குல சேர்ந்திருந்துச்சு. நமக்கு அவ்ளோ தூரம் போக வேண்டாம். 2019 டிசம்பர்ல விழுப்புரத்துல மூணு நம்பர் லாட்டரிக் கடன்ல ஒரு குடும்பமே, மூணு சின்னப் பொண்ணுங்க உள்பட, போயிடுச்சு. அந்தச் செய்தி படிச்ச அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை.

கூட்டல் சரியா வர்ற வழியில போய் ஜெயிச்சவங்களும் உண்டு. 1992ல ஸ்டெஃபான் மாண்டெல்ங்கிற ருமேனியக் கணக்குக்காரர் ஆள் திரட்டி, அமெரிக்காவுல வர்ஜீனியா லாட்டரியோட மொத்தச் சேர்க்கைகளையும் வாங்கப் பார்த்தார். 44 எண்ல 6 எண், ஆக 70,59,052 டிக்கெட். நேரம் பத்தாம சுமார் 50 லட்சம்தான் வாங்க முடிஞ்சது. 2.7 கோடி டாலர் விழுந்துச்சு. பரிசுத்தொகை சேர்ந்து சேர்ந்து டிக்கெட் செலவைவிடப் பெருசா ஆனதுதான் அதுக்கு ஒரே காரணம். மூணு நம்பர்ல அப்படி நடக்குமா? ரூபாய்க்கு 500 தர்றான்னு வச்சுக்குவோம். ஆயிரம் நம்பரையும் ஆளுக்கொரு ரூபாய் கட்டி எடுங்க. ஆயிரம் போகும், 500 வரும், நிச்சயமா. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்ங்கிற பாடத்தை உங்களைவிட நல்லாப் படிச்சவன் அந்த ஏஜெண்ட்தான்.

*

கடைசியா அந்த அக்கா ஒரு அஸ்திரம் விட்டாங்க. "என்ன தம்பி பெரிய கணக்கு. விழும், இல்லாட்டி விழாது. ரெண்டுல ஒண்ணு. பாதிக்குப் பாதி."

சிரிக்காதீங்க. விழும், விழாதுங்கிறது ஒன்றையொன்று விலக்கும், ரெண்டையும் விட்டா வேற வழியும் இல்லை. ரெண்டையும் கூட்டினா ஒண்ணு வரணும், அதுவும் சரி. ஆனா ஒண்ணைச் சமமாப் பங்கு போடணும்னு எந்த விதியும் இல்லையே. சொத்துக்கு ரெண்டே வாரிசுன்னா ஆளுக்குப் பாதின்னு அர்த்தமா என்ன? உயில்ல இருக்கிறபடிதான். இங்க உயில் எழுதினது லாட்டரித் துறை. :-)

அப்பதான் எனக்கு ஜீப் ஞாபகம் வந்துச்சு.

மலைக்குப் போற ஜீப்புகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். உள்ளே எத்தனை பேர், பின்னாடி தொங்குறவங்க எத்தனை பேர்னு எண்ணவே மனசு வராது. பனியில கொண்டை ஊசி வளைவு. அப்பப்போ ஜீப் கவுந்த செய்தி வரும். ஒரு நடைக்கு ஆபத்து பத்தாயிரத்துல ஒண்ணுதான்னு பேச்சுக்கு வச்சுக்குவோம். ரொம்பச் சின்ன எண். ஒரு நாளைக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு. வருஷத்துக்கு 250 நாள்னா 500 நடை. கூட்டினா 5 சதவீதம். சரியாப் பெருக்கிப் பார்த்தா 4.9. சின்ன எண்ணுக்குக் கூட்டலும் பெருக்கலும் அவ்ளோ வித்தியாசப்படாது. இருபது வருஷத்துக்கு, பத்தாயிரம் நடைக்குக் கூட்டினா நூறு சதவீதம் வரும், அது பொய். பெருக்கினா 63 சதவீதம். அது பொய் இல்லை.

மூணு நம்பர்க்காரனுக்கு வந்த அதே 63. ஆயிரம் நாள்ல நல்லது நடந்தே தீரும்னு நம்புறவங்க, பத்தாயிரம் நடையில கெட்டது நடக்காதுன்னும் நம்புறாங்க. ரெண்டும் ஒரே கணக்கு. லாட்டரி விழாம போனா டிக்கெட் காசு போகும். அந்த 63ல சிக்கினா ஆளே போகலாம். 

இதை அத்தைக்கிட்ட சொன்னேன். சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் சொன்னேன், ஏன்னா அவங்களுக்கு ஜீப் சாய்ஸ் இல்லை, கூலிக்குப் போற வழி அது ஒண்ணுதான்.

"தெரியும்யா. இருபது வருஷமா ஏறுறேன், எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. அப்புறம், "ஆனா ஒரு நாளைக்கு ஆயிரத்துல ஒண்ணு, பத்தாயிரத்துல ஒண்ணுன்னு நெனைக்கும்போது பயம் வராது. சேத்துப் பாத்தாத்தான் வருது"ன்னாங்க.

குழுக் கடன் எடுக்கலை. பம்பர் டிக்கெட் பத்து பேரும் சேர்ந்து ஒண்ணே ஒண்ணு, ஆளுக்கு அம்பது ரூபாய் போட்டு எடுத்தாங்க. ஒண்ணும் விழலை, குலுக்கல் நாள் வரைக்கும் ஜீப்புல பேச்சுக்குக் குறைச்சல் இல்லையாம். அம்பது ரூபாய்க்கு ரெண்டு மாசப் பேச்சுன்னா மோசமில்லை.

இன்னொண்ணும் நடந்திருக்கு. ரொம்ப அடைச்சுட்டா அத்தையும் அந்த அக்காவும் அந்த ஜீப்புல ஏறாம அடுத்ததுக்கு நிக்கிறாங்களாம். எல்லா நாளும் முடியறதில்லை, லேட்டானா மேஸ்திரி கத்துவார். முடியுற நாள்ல நிக்கிறாங்க. இருபது வருஷத்துல அது எத்தனை நடையைக் குறைக்கும்னு நான் இன்னும் கணக்குப் போடலை. ஒவ்வொரு நடையும் குறையும், அது நிச்சயம்.